தொடை எரிகிறதா? முதலில் பெல்ட்டைத் தளர்த்துங்கள்

கேள்வி: வயது 42. தி.நகரில் துணிக்கடையில் வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். இரண்டு மாதமாக வலது தொடையின் முன்புறம், வெளிப்பக்கமாக ஒரே எரிச்சல். கிள்ளினால் மரத்த மாதிரி இருக்கிறது, லுங்கி உரசினால் கூசுகிறது. தைலம் தேய்த்துப் பலனில்லை. தசை கிழிந்திருக்குமா? எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா?

பதில்: தசைக் கிழிசலாகத் தெரியவில்லை. தொடையின் முன்புறத்தில் இருக்கும் பெரிய தசை குவாட்ரிசெப்ஸ். நான்கு பிரிவாகத் தொடங்கி, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து முட்டிச் சிப்பி வழியாகக் கீழ்க்கால் எலும்பில் போய் ஒட்டும். முட்டியை நீட்டுவது இதன் வேலை. நான்கில் நடுவில் மேலாக ஓடும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும் இடுப்பெலும்பிலிருந்தே கிளம்புவதால் தொடையைத் தூக்கவும் உதவும். ஓடும்போதோ பந்தை உதைக்கும்போதோ அதிகம் பிடித்துக்கொள்வதும் கிழிவதும் இதுதான். ஆனால் அது அந்த நிமிஷமே சுளீரென்று வலிக்கும், சில சமயம் வீங்கி ரத்தம் கட்டும். எரிச்சலும் மரத்தலும் தசையின் பாஷை இல்லை, நரம்பினுடையது.

எந்த நரம்பு என்பதுதான் விஷயம். கீழ் முதுகில் 2, 3, 4 ஆம் இடுப்பு முள்ளெலும்புப் பகுதி நரம்புகள் சேர்ந்து உருவாகும் ஃபெமோரல் நரம்பு, கவட்டை வழியாக இறங்கி குவாட்ரிசெப்ஸை இயக்குகிறது, தொடையின் முன்பக்கத் தோலுக்கும் உணர்வு கொடுக்கிறது. அதே பகுதியில் 2, 3 இலிருந்து கிளம்பும் இன்னொரு மெல்லிய நரம்புக்குத் தொடையின் வெளிப்பக்கத் தோலின் உணர்வு மட்டும்தான் பொறுப்பு, எந்தத் தசையையும் அது அசைப்பதில்லை. பேண்ட் போடும் இடத்தில் முன்னால் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு கையில் தட்டுப்படும் இல்லையா, பெரும்பாலானவர்களுக்கு அதற்குச் சற்று உள்பக்கமாக ஓர் இறுகிய நார்ப்பட்டையின் அடியில் நுழைந்துதான் தொடைக்கு வருகிறது. கதவிடுக்கில் மாட்டிய ஒயர் மாதிரி அங்கே நசுங்கினால், எரிவது என்னவோ தொடைதான். மெரால்ஜியா பாரஸ்தெடிக்கா என்பார்கள். நீங்கள் தைலம் தேய்த்த இடத்தில் கோளாறே இல்லை!

இறுக்கமான பெல்ட், ஜீன்ஸ், தொப்பை, கர்ப்பம், சர்க்கரை நோய், மணிக்கணக்காக நிற்பது எல்லாம் இதைக் கிளப்பும். நிற்கும்போது இடுப்பு நிமிர்வதால் நரம்பு இழுபடும், பலருக்கு உட்கார்ந்தால் ஆறுதலாக இருப்பது அதனால்தான். உங்கள் வேலையைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வலது முட்டியை முழுசாக நீட்டி, மனைவியையோ மகனையோ கணுக்காலுக்கு மேலே அழுத்தச் சொல்லுங்கள், அப்புறம் இடது காலிலும். இரண்டும் ஒரே பலத்தில் எதிர்த்து நின்றால் நல்லது. அடுத்து, மரத்த இடத்தின் ஓரத்தைப் பேனாவால் வரையுங்கள். வெளிப்பக்கமாகவே இருந்து முட்டிக்குக் கீழே இறங்காமல் நின்றால் என் சந்தேகம் கூடும்.

இப்போதைக்கு பெல்ட்டைத் தளர்த்துங்கள், முடிந்தால் சில வாரம் பெல்ட்டே வேண்டாம். பேண்ட் முன்பாக்கெட்டில் சாவிக்கொத்தையும் போனையும் திணிக்காதீர்கள். கூட்டம் குறையும் நேரத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள், முதலாளி முகம் சுளித்தாலும் சரி. வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பார்த்துவிடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது உதவும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும். அடங்காவிட்டால் நரம்பு வலிக்கான மாத்திரையோ ஊசியோ உண்டு, அதை டாக்டர் சொல்லட்டும், மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. இப்போது அவசரமில்லை. ஆனால் படியிறங்கும்போது முட்டி மடங்கினாலோ, தொடை மெலிந்தாலோ, முதுகுவலியும் சேர்ந்தாலோ ஃபெமோரல் நரம்பையும் முதுகையும் பார்த்தே ஆகணும், தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ கவட்டைப் பகுதி மரத்தாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்கு.