டேட்டாவைத் தின்னும் நீல மேகம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு வேலை. மூன்று வாரம் முன்பு புது லேப்டாப் வாங்கினேன். இணையத்துக்கு என் போன் ஹாட்ஸ்பாட்தான், நாளைக்கு 2 ஜிபி. முதல் நாலு நாளும் காலை பத்து மணிக்கெல்லாம் டேட்டா காலி. இப்போது அது நின்றுவிட்டது. ஆனால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகப் படம், 'இடம் நிரம்பிவிட்டது, கூடுதல் இடம் வாங்குங்கள்' என்று தினமும் நச்சரிக்கிறது. விற்ற கடையில் கேட்டால், "வாங்கிடுங்க மேடம், இல்லாட்டி ஃபைல் எல்லாம் போயிடும்" என்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் நிறுத்தினாலும் மறுநாள் திரும்ப வந்துவிடுகிறது. இது வைரஸா? பணம் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: வைரஸாக இருக்க வாய்ப்பு குறைவு. பணமும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

நீங்கள் சொல்வது விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஒன்டிரைவ். (ஸ்கைடிரைவ் என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கலாம். 2014-இல் பெயர் மாறியது.) சந்தேகம் தீரவேண்டும் என்றால் டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயர் மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரோ, உங்கள் பெயரில் உள்ள ஆப்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டரோ திறந்தால் பயமில்லை. டவுன்லோட்ஸ், டெம்ப் மாதிரி இடத்தில் இருந்து ஓடினால் மட்டும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

அது செய்யும் வேலை எளிதானது. லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைக் கண்காணிக்கும். அதில் எது புதிதாக வந்தாலும், மாறினாலும், மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்கு ஒரு பிரதி அனுப்பும். சிக்கல் எங்கே என்றால், புது லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பல சமயம் அந்தக் கண்காணிப்புக்குள் போய்விடுகின்றன. எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே கொட்டி வைப்பது நம் வழக்கம், டிடிபி கடையில் கேட்கவே வேண்டாம். ஆக, பழைய கணினியில் இருந்து நீங்கள் மாற்றிய டிசைன்கள் எல்லாம் உங்கள் போன் டேட்டா வழியாக மேலே ஏறத் தொடங்கியிருக்கின்றன. இலவச இடம் 5 ஜிபிதான். (முன்பு 15 இருந்தது, 2016-இல் குறைத்துவிட்டார்கள்.) நாலு நாளில் நிரம்பிவிட்டது, ஏறுவதும் நின்றுவிட்டது. நாளைக்கு 2 ஜிபி என்ற உங்கள் கணக்கோடு இது ஏறக்குறைய பொருந்துகிறது பாருங்கள், மீதி டேட்டா வேறு வேலைகளுக்குப் போயிருக்கும்.

நிரம்பிய பிறகு 'ஃபைல் போயிடும்' என்பது தவறு. மேலே ஏறாத ஃபைல்கள் உங்கள் லேப்டாப்பில் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே பிரதி இல்லை, அவ்வளவுதான்.

எதையும் நிறுத்துவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அது யாருடைய கணக்கு? மேகப் படத்தைக் கிளிக் செய்து, பல்சக்கரத்தில் செட்டிங்ஸ் போய், அக்கவுன்ட் பகுதியில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் படியுங்கள். கடைக்காரப் பையனே அவசரத்துக்கு ஒரு ஐடி உருவாக்கி, தன் போன் எண்ணையே கொடுத்து லேப்டாப்பை ஓட்டிக் காட்டிவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். அப்படியானால் உங்கள் வாடிக்கையாளர்களின் பத்திரிகை, முகவரி எல்லாம் பாஸ்வேர்ட் உங்களுக்கே தெரியாத கணக்கில் கிடக்கின்றன. இன்னும் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இல் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருந்தால் (பிட்லாக்கர் என்பது அந்தப் பூட்டின் பெயர்), அதைத் திறக்கும் ரெக்கவரி கீ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். என்றாவது ஒரு பழுது பார்த்த பிறகு லேப்டாப் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டால், கணக்கு கையில் இல்லாதவர் கதி அதோகதிதான். டேட்டா தீர்ந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

கணக்கு உங்களுடையது இல்லை என்றால் லேப்டாப்போடு நேராகக் கடைக்குப் போங்கள். அந்தப் பையன் எதிரில் இருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றி, உங்கள் எண்ணைச் சேர்த்து, அவருடையதை நீக்குங்கள். பழைய எண்ணுக்கு வரும் குறியீடு இருந்தால் வேலை உடனே முடியும். இல்லாமல் பாதுகாப்பு விவரம் முழுவதையும் மாற்றப் பார்த்தால் 30 நாள் காக்க வைப்பார்கள். ரெக்கவரி கீ இருந்தால் அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

அப்புறம்தான் நிறுத்தும் வேலை. டாஸ்க் மேனேஜரில் கொல்வது வீண், அடுத்த முறை கணினி தொடங்கும்போது அதுவும் தொடங்கும். ஒரேயடியாக அன்இன்ஸ்டால் செய்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யலாம், ஆனால் கடைசியில். ஏனென்றால் சில ஃபைல்கள் பெயரளவில் மட்டும் லேப்டாப்பில் இருந்து, உள்ளடக்கம் மேலே இருக்கக்கூடும். பக்கத்தில் நீல மேகம் தெரிந்தால் அந்த வகை. வெள்ளைப் பின்னணியில் பச்சை டிக் என்றால் இங்கேயும் இருக்கிறது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் இங்கே இருக்கும். உங்கள் லேப்டாப் மூன்று வாரம்தான் என்பதால் நீல மேகம் அதிகம் இருக்காது. இருந்தாலும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் தேர்ந்து, வலது கிளிக்கில் 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, நீல மேகம் ஒன்றுகூட மிஞ்சாத வரை காத்திருங்கள். (இடமில்லாமல் மேலே ஏறாத ஃபைல்கள் பச்சையாகாமல் இருக்கலாம், அவை லேப்டாப்பில்தான் இருக்கின்றன.) யார் வீட்டு வைஃபையாவது கிடைத்தால் நல்லது. முடிந்ததும் மொத்தத்தையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். கட் வேண்டாம், காப்பி.

இப்போது செட்டிங்ஸில் 'சிங்க் அண்ட் பேக்கப்' பகுதியில் 'மேனேஜ் பேக்கப்' திறந்து மூன்று ஃபோல்டரையும் அணையுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கு நெஞ்சு அடைக்கும், டெஸ்க்டாப் திடீரென்று வெறுமையாகிவிடும்! ஃபைல்கள் அழியவில்லை, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் என்ற உள் ஃபோல்டரில் இருக்கின்றன. அங்கிருந்து பழைய இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். சில புதிய பதிப்புகள் அணைக்கும்போதே 'ஃபைல்களை எங்கே வைக்கட்டும்' என்று கேட்கும். கேட்டால் இந்தக் கணினியிலேயே என்று சொல்லுங்கள். பிறகு அக்கவுன்ட் பகுதியில் 'அன்லிங்க் திஸ் பிசி'. நச்சரிப்பு அதோடு தீர்ந்தது.

முழுதாக விட மனமில்லை என்றால் வேறு வழியும் உண்டு. டெஸ்க்டாப்பை விடுவித்துவிட்டு, முக்கியமான கணக்கு வழக்கை மட்டும் ஒன்டிரைவ் ஃபோல்டரில் வையுங்கள். விண்டோஸ் வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்ஷன்', அதாவது டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்துவிட்டால் ஒன்டிரைவ் அந்த இணைப்பில் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அவசர வேலை இருக்கும் நாளில் மேகப் படத்திலிருந்தே 2, 8 அல்லது 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன், 5 ஜிபி சும்மா கிடைப்பதை விடுவானேன்.

கூடுதல் இடத்துக்குப் பணம் கட்டுமுன் லேப்டாப் வந்த அட்டைப் பெட்டியையும் பில்லையும் எடுத்துப் பாருங்கள். சில லேப்டாப்களில் ஆஃபீஸோடு மைக்ரோசாஃப்ட் 365 பேசிக் என்ற சந்தாவை ஒரு வருடத்துக்குச் சேர்த்தே தருகிறார்கள், அதில் 100 ஜிபி இருக்கிறது. குறிப்பிட்ட கெடுவுக்குள் செயல்படுத்த வேண்டும். ஏற்கெனவே விலையில் கொடுத்துவிட்ட பொருளை இன்னொரு முறை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டு லேப்டாப்பில் இடமில்லை என்று ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்த பழைய படங்களை அழித்தேன். அலுவலகக் கணினியிலும் அதே கணக்கு. அங்கேயும் காணோம்! ஒரு வாரம் ஆகிறது. பேக்கப் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: பேக்கப் என்று பெயர் வைத்திருப்பதுதான் வினை. இது ஒத்திசைவு. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும், அதுதான் அதன் வேலை. நல்லவேளை, ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து அங்குள்ள ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள், தனிநபர் கணக்கில் பொதுவாக 30 நாள் வைத்திருப்பார்கள். கணக்கு நிரம்பி வழிந்தால் அதற்கு முன்பே போகலாம், அதனால் இன்றே மீட்டுவிடுங்கள். அடுத்த முறை இடம் வேண்டுமானால் டெலீட் இல்லை, வலது கிளிக்கில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. ஃபைல் மேலே இருக்கும், லேப்டாப்பில் இடம் மட்டும் காலியாகும்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் சேமிப்பிடத் திட்டத்தை ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்தேன். கார்டு விவரம் கேட்டது, கொடுத்தேன். இப்போது ஒரு வருடப் பணம் எடுத்துவிட்டார்கள். சொல்லாமல் எடுக்கலாமா?

பதில்: கூடாது. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் தர வேண்டும். முதலில் உங்கள் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டையும் தேடுங்கள். பெரும்பாலும் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அது வந்து கிடக்கும். வந்திருந்தால் வங்கி மேல் தவறு இல்லை. அப்போது அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பயன்படுத்தாத கணக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். தகவலே வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எப்படி ஆனாலும், அந்தத் திட்டத்தின் கணக்குப் பக்கத்தில் ஆட்டோ ரினியூவலை அணைத்து, வங்கியின் இ-மேன்டேட் (தானாகப் பணம் பிடிக்க நீங்கள் தந்த அனுமதி) பட்டியலிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் அடுத்த வருடம் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டி வரலாம்.