சீன எழுத்தும் வலது மூளையும்

அன்புள்ள ஐயா,

சீன எழுத்துகள் படங்கள் என்பதால் சீனர்கள் வலது மூளையால் படிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு மாண்டரின் கற்றுக்கொடுத்தால் வலது மூளை வளரும் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. மகளை வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். இதில் உண்மை உண்டா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். வலது மூளைக்காக மட்டும் வேண்டாம்.

அந்தச் செய்திக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1970களில் சீன எழுத்தைக் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் காட்டிச் சோதித்தார்கள். பார்வையின் இடப்பக்கம் தெரிவது முதலில் வலது மூளைக்குப் போகும். தனி எழுத்தை இடப்பக்கம் காட்டியபோது, சோதனைக்கு வந்தவர்கள் சற்று நன்றாகவே அடையாளம் கண்டார்கள். ஆனால் 1979இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், இரண்டு எழுத்து சேர்ந்த சொல் என்றதும் இடது மூளை முந்திக்கொண்டது. வாட்ஸப்காரர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த ஸ்கேன் ஆய்வுகளிலும் பெரும்பங்கு இடது மூளைக்குத்தான். வலதும் கொஞ்சம் கைகொடுக்கிறது.

படங்கள் என்பதும் அரைகுறை. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பகுதி பொருளைக் காட்டும், இன்னொன்று ஒலியைக் காட்டும். அம்மாவைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை! ‘மா’ என்ற ஒலியைச் சொல்வதைத் தவிர குதிரைக்கு அங்கே வேலை இல்லை.

என்னைக் கேட்டால், பார்க்கவேண்டியது கையைத்தான். ஓர் எழுத்து சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் சீனர்கள் விரலால் உள்ளங்கையிலோ காற்றிலோ எழுதிப்பார்ப்பார்கள். கோடுகளின் வரிசை விரலுக்குத் தெரிந்திருக்கிறது. டான் லி ஹாய் குழுவினர் சீனப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 2005இல் வெளியிட்டார்கள். எழுத்துகளைக் கையால் நன்றாக எழுதுகிறவர்களே நன்றாக வாசிக்கவும் செய்தார்கள். 2013இல் அதே டான் குழு இன்னொன்றையும் காட்டியது: ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டிச் சீன எழுத்தை வரவைக்கும் பின்யின் முறையை அதிகம் பயன்படுத்திய பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் குறைவாக இருந்தது. தட்டுவதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் யோசிக்கவைக்கிறது. கையசைவு சீனர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. பிரெஞ்சு வாசகர்களையும் சீன வாசகர்களையும் ஒப்பிட்ட 2012 ஆய்வொன்றில், உருவத்தை அறியும் பகுதியோடு எழுதும் அசைவை அறியும் பகுதியும் இரு தரப்பிலும் வேலை செய்தது.

ஆகவே வகுப்பில் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: பிள்ளைகளைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதவைப்பார்களா, இல்லை ஆப்பில் தட்டவைப்பதோடு சரியா?