பள்ளியின் பழைய தொலைபேசி அமைப்பை மாற்றினால் செலவு குறையுமா?

பழைய பிபிஎக்ஸ் பெட்டியை (பள்ளிக்குள் உள்ள போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் கருவி) எடுத்துவிட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறினால் பள்ளிக்குப் பணம் மிச்சமாகுமா, பெற்றோருக்கு லைன் சுலபமாகக் கிடைக்குமா என்பது கேள்வி.

மிச்சமாகும். ஆனால் அது பெரும்பாலும் அழைப்புக் கட்டணத்தில் வருவதில்லை, சும்மா கிடக்கும் லைன்களின் வாடகையில் வருகிறது. பள்ளிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்து கொடுக்கும் நான் முதலில் கேட்பது பழைய பில்களைத்தான். யாரும் தொடாத ஃபேக்ஸுக்கும் பூட்டிக் கிடக்கும் அறைக்கும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். அதற்காக உடனே துண்டித்துவிடாதீர்கள். தீ எச்சரிக்கை அலாரமும் லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போனும் அதே செம்புக் கம்பியில் ஓடலாம். எந்த லைன் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இணைய வேகம் பற்றிக் கவலை வேண்டாம். குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 என்ற வழக்கமான முறையில் (கோடெக்) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. தொல்லை நெரிசலில்தான். கணினி ஆய்வகத்தில் எல்லோரும் வீடியோ திறந்தால் அலுவலக போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். போன்களுக்குத் தனி விலேன் (அதே நெட்வொர்க்கில் பிரித்துவிடும் தனிப் பாதை) போட்டு, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும்.

தொடர்பு மேம்படுவது காலை மணி அடிக்கும் முன்பு உள்ள அரை மணி நேரத்தைப் பொறுத்தது. "பிள்ளைக்குக் காய்ச்சல்", "பஸ் இன்னும் வரலை" என்று எல்லா அழைப்பும் அப்போதுதான் வரும். விடுப்புச் செய்திகளைக் குரல்பதிவாக வாங்கி மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். மற்றவை இரண்டு மூன்று மேசைகளில் சேர்ந்து ஒலிக்கட்டும். "இதற்கு ஒன்றை அழுத்துங்கள்" என்று சொல்லும் குரல் மெனுவில் மூன்று தேர்வுக்கு மேல் வைக்காதீர்கள். பதறிப்போய் அழைக்கும் தாய்க்கு ஒரு மனிதக் குரல் சீக்கிரம் கேட்க வேண்டும். ஆசிரியர்கள் கைபேசிச் செயலி வழியாகப் பள்ளி எண்ணிலிருந்தே பேசலாம், சொந்த எண் வெளியே போகாது. அவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அப்புறம் மின்சாரம். பழைய சாதாரண போன் லைனிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். புதியதற்கு அந்த வசதி கிடையாது. போன்களுக்கு மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் மூன்றுமே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மின்தடையின்போது இந்த போன்களில் அவசர உதவியைக்கூட அழைக்க முடியாது.

பள்ளி எண் புதிய நிறுவனத்துக்கு முழுமையாக மாறி, வெளியிலிருந்து அழைத்துச் சோதித்த பிறகே பழைய இணைப்பை ரத்து செய்யுங்கள். முந்திக்கொண்டால் அந்த எண்ணே கைவிட்டுப் போகலாம்.