முல்லைத்தீவிலிருந்து கடற்சூழலியல் ஆய்வாளர் ஆவது எப்படி?

உயர்தரம் எழுதப்போகும் முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருவர், கடற்சூழலியல் படிக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறார்.

உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுங்கள். அப்புறம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் துறை இருக்கிறது. மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகம் அதற்கென்றே ஒரு பீடம் வைத்திருக்கிறது. பிறகு முதுமாணி, கலாநிதி. ஆய்வு வேலைக்கு நாரா (தேசிய நீர்வாழ் உயிரின வள ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்கள். புள்ளிவிபரவியலை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஆனால் உங்கள் பெரிய பலம் வாசலிலேயே கிடக்கும் நந்திக்கடல் களப்பு. கோடையில் வட்டுவாகல் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரி வெள்ளம் சேர்ந்ததும் வெட்டிவிடுவார்கள். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் அந்த வழியாகத்தான் களப்புக்குள் வந்து வளர்கின்றன. அதனால் முகத்துவாரம் எப்போது திறக்கிறது, உப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் வலையில் தெரியும். உப்பின் அளவு பார்க்கும் உவர்ப்புமானியின் கண்ணாடியில் ஒரு துளி நீர் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தால் அளவு தெரிந்துவிடும்: திறந்த கடலில் ஆயிரத்துக்கு 35 அளவில் நிற்கும், களப்பிலோ மழைக்கும் வெயிலுக்கும் தாறுமாறாக மாறும். அதை மாதாமாதம் ஒரே இடத்தில் குறித்து, கூடவே பிடிபாட்டையும் எழுதி வந்தால் அதுவே நல்லதொரு இறுதியாண்டு ஆய்வு. வலை வீசும் ஐயாமாரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த நீரோட்டத்தில் எது வரும் என்று அவர்களுக்கு அத்துப்படி.