பின்னால் ஆள் ஏறினால் காற்று எவ்வளவு, ஷொக் எவ்வளவு? கேள்வி பதில்

மோட்டார் சைக்கிளில் இன்னொருவரை ஏற்றும்போது டயருக்கு எவ்வளவு காற்று வைப்பது, பின் ஷொக்கை (பின் சில்லின் அதிர்வை வாங்குகிற ஸ்பிரிங் தொகுதியை) எவ்வளவு இறுக்குவது என்று கேட்டிருந்தீர்கள். பலர் ஒரே விஷயத்தைக் கேட்ட இடத்தில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன். முதலில் காற்று, அப்புறம் ஸ்பிரிங், கடைசியாக ஹெட்லைட். காற்றுக் குறைந்த டயரை வைத்துக்கொண்டு ஷொக்கைத் திருகுவதில் பயனில்லை.

கேள்வி (வெள்ளவத்தை, பல்சர் 150): அண்ணா, நான் 72 கிலோ, மனிசி 58. பெற்றோல் செட்டில் காற்றடிக்கிற பெடியன் ஒன்றும் கேட்காமல் இரண்டு டயருக்கும் 35 அடித்துவிடுகிறான். முன்பக்கம் துள்ளுகிறது. அவன் அடிப்பது சரியா?

பதில்: சரியில்லை, துள்ளத்தான் செய்யும். உங்கள் பைக்குக்கு முன் டயர் 25 பிஎஸ்ஐ. பின் டயர் தனியாகப் போனால் 28, இருவர் போனால் 32. முன் டயருக்கு ஒரே எண்தான் இருக்கிறது, பார்த்தீர்களா? பின்னால் இருப்பவரின் பாரம் பெரும்பாலும் பின் சில்லின் மேல்தான் விழும். முன்னுக்கு வருவது சொற்பம். 35 அடித்த முன் டயர் தாரைத் தொடுகிற பரப்பு சுருங்கிவிடும். காலி வீதியில் இரும்பு மூடி ஒன்றின் மேல் ஏறி இறங்கும்போது அது உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும். மழையில் பிறேக் பிடிக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

பெடியனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனிடம் கார், வான், ஓட்டோ எல்லாம் வருகிறது. குழாயை வைக்கும் முன்பே "முன் 25, பின் 32" என்று சொல்லுங்கள். கையடக்கமான கேஜ் ஒன்றையும் வாங்கிச் சீட்டுக்குக் கீழே போட்டுவிடுங்கள். செட்டில் இருக்கிற கேஜ் நாள் முழுக்கத் தரையில் விழுந்து எழும்புவது, அதை நம்ப முடியாது.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஸ்கூட்டர்): ஸ்டிக்கரில் பின் டயருக்கு 200, 250 என்று போட்டிருக்கிறது. பம்பில் அப்படி எண்ணே இல்லையே?

பதில்: அது கிலோபாஸ்கல், காற்றழுத்தத்தை அளக்கிற இன்னொரு அலகு, தங்கச்சி. 200 என்றால் 29 பிஎஸ்ஐ, 250 என்றால் 36. முதலாவது தனியாகப் போக, இரண்டாவது ஆள் ஏற்றிப் போக. சிறிய சில்லில் காற்றின் இடமும் சிறியது. அதனால்தான் ஸ்கூட்டருக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி. 29ஐ வைத்துக்கொண்டு இருவராக ஓடினால் டயரின் பக்கச் சுவர் நசுங்கி நசுங்கிச் சூடேறும், பள்ளத்தில் விழுந்தால் ரிம்மும் அடிபடும்.

கேள்வி (தெஹிவளை): டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கிற எண்ணை அப்படியே அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது அந்த டயர் சுமக்கக்கூடிய ஆகக்கூடிய பாரத்துக்கான அளவு. உங்கள் பைக்குக்கு எது வேண்டும் என்பது பைக்கில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில்தான் இருக்கும்.

கேள்வி (மருதானை): பகல் வெயிலில் ஓடி முடித்துப் பார்த்தால் 32 அடித்த டயர் 35 காட்டுகிறது. கொஞ்சம் திறந்து விடட்டுமா?

பதில்: தொடவே வேண்டாம். ஸ்டிக்கரில் உள்ளது குளிர்ந்த டயருக்கான அளவு. சூட்டில் ஏறுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள். இப்போது திறந்துவிட்டால் நாளைக் காலையில் 29இல்தான் நிற்பீர்கள். பைக் மூன்று மணித்தியாலமாவது நின்ற பிறகு, வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுவது சுலபம்.

கேள்வி (பம்பலப்பிட்டி, இரட்டை ஷொக்): கராஜ் பாஸ் ஷொக்கில் ஸ்பிரிங்கை இறுக்குகிற வளையத்தை ஐந்தாவது படிக்கு ஏற்றி, ஸ்பிரிங் இப்போது கடினமாகிவிட்டது, இனி யாரையும் ஏற்றலாம் என்றார். தனியாகப் போனால் முதுகு உடைகிறது. ஏன்?

பதில்: இதில்தான் முக்கால்வாசிப் பேருக்குக் குழப்பம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படியை ஏற்றினால் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. கம்பி அதே கம்பிதான், ஒரு மில்லிமீற்றர் அமுக்க அதே பலம்தான் வேண்டும். மாறுவது பைக் நிற்கிற உயரம். இருவர் ஏறும்போது பின்பக்கம் கூடுதலாக இறங்கிவிடும். மேடு பள்ளத்தை வாங்க மிச்சம் இருக்கிற ஓட்டம், அதாவது சில்லு மேலே கீழே அசையக்கூடிய தூரம், குறைந்து, ஷொக் அடியில் போய் முட்டும். படியை ஏற்றினால் பின்பக்கம் பழைய உயரத்துக்கு வரும், அந்த ஓட்டமும் திரும்பக் கிடைக்கும். இவ்வளவுதான் அதன் வேலை. தனியாகப் போகும்போதும் ஐந்திலேயே விட்டால் பின்பக்கம் போதிய அளவு இறங்காது. சில்லு பள்ளத்துக்குள் இறங்கித் தாரைத் தொட இடமில்லாமல் உங்களைத் தூக்கிப் போடும். உங்கள் முதுகுக்கு நடப்பது அதுதான்.

சரி, எந்தப் படி உங்களுக்குப் பொருந்தும்? ஒரு அளவு நாடா போதும். பைக்கை நடு ஸ்ராண்டில் போட்டுப் பின் சில்லு தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழுள்ள ஏதாவது ஒரு போல்ற் வரை அளந்து எழுதிவையுங்கள். அப்புறம் இருவரும் ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்கள். மூன்றாவது ஆள் ஒருவர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் சில்லின் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. வீதியில் ஓடுகிற பைக்குகளுக்கு அது 30 முதல் 40 மில்லிமீற்றருக்குள் வரும். கூட இறங்கினால் ஒரு படி ஏற்றி மறுபடி அளக்க வேண்டியதுதான். கடைசிப் படியிலும் கூடுதலாக இறங்குகிறதென்றால் உங்கள் பாரத்துக்கு அந்த ஸ்பிரிங் போதாது, இல்லாவிட்டால் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

திருகும் முன் வளையத்தில் ஒட்டியிருக்கிற சேற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பானர் வழுக்கி விரலைத்தான் பதம் பார்க்கும். இடமும் வலமும் ஒரே படியில் இருக்க வேண்டும், இதில் சமரசம் இல்லை.

கேள்வி (பொரளை): நான் பைக்கில் ஆட்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறேன். ஒருவர் 50 கிலோ, அடுத்தவர் 95. ஒவ்வொரு தடவையும் ஸ்பானர் எடுக்க முடியுமா அண்ணே?

பதில்: முடியாது, தேவையும் இல்லை. நாள் முழுக்க ஆள் ஏறுவதால் பின் டயரை எப்போதும் இருவருக்கான அளவிலேயே வைத்திருங்கள். அடுத்த சவாரிக்குத் தனியாகப் போகும் தூரத்துக்கு அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் குறைவாக வைத்துக்கொண்டு பாரம் ஏற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஷொக்கை 70 கிலோ ஆள் ஒருவரை நினைத்து வைத்துவிட்டு மறந்துவிடலாம். காற்றைக் கிழமைக்கு இரண்டு தரமாவது பாருங்கள். உங்கள் டயர் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரு தரம் போதாது.

கேள்வி (கல்கிசை): படியை ஏற்றிய பிறகு மேட்டில் ஏறி இறங்கினால் பின்னால் இருப்பவர் சீட்டை விட்டு எழும்புகிறார்.

பதில்: ஸ்பிரிங் திரும்பி வரும் வேகத்தை அடக்குவது ஷொக்குக்குள் இருக்கிற ஒயில். அது ஒழுகியோ களைத்தோ போயிருக்கும். சீட்டை நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். எழும்பி ஒரு தரத்தில் அடங்கினால் ஷொக் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடினால் மாற்ற வேண்டும். தண்டில் ஒயில் பூசியதுபோல் ஈரம் இருந்தால் சோதனையே தேவையில்லை. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் இங்கே ஓடுகிற பைக்குகளில் வயது போனவை நிறைய, ஷொக்கும் அதே வயது. பஞ்சிகாவத்தையில் பழைய ஷொக் மலிவாகக் கிடைக்கும். வாங்கினால் சோடியாக வாங்குங்கள், தண்டில் கீறல் இருந்தால் விலையைக்கூடக் கேட்காமல் நடந்துவிடுங்கள்.

கேள்வி (வத்தளை): இரவில் மகளை ஏற்றி வரும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். நான் டிம்மில்தான் வருகிறேன்!

பதில்: பின்பக்கம் இறங்கியிருக்கிறது, அதனால் லைட் மேலே பார்க்கிறது. ஷொக்கைச் சரி செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், மிச்சத்துக்கு ஹெட்லைட் திருகை மகள் ஏறியிருக்கும்போதே திருப்புங்கள். செயினையும் பாருங்கள். பாரத்தில் பின் சில்லு மேலே வரும்போது செயின் இறுகும். தனியாக நிற்கும்போதே விறைப்பாக இருந்தால் இருவர் ஏறியதும் பெயரிங்குக்கு ஆகாது.

கேள்வி (கிருலப்பனை): மனிசி பின்னால், மூன்று வயது மகன் முன்னால் டாங்கியில். அப்போது எவ்வளவு காற்று?

பதில்: அதற்கு என்னிடம் எண் இல்லை. சட்டப்படி பின்னால் ஒருவர்தான், அவருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஓட்டோ பிடியுங்கள் தம்பி.

கேள்வி (நுகேகொடை): இருவராக நுவரெலியாவுக்குப் போகிறோம். மலையில் காற்றழுத்தம் மாறுமாமே, மேலே போய்த் திறந்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1,868 மீற்றர் உயரத்தில் வெளியே இருக்கிற காற்று மெலிவது உண்மை, அதனால் கேஜ் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டப் பார்க்கும். ஆனால் அங்கே குளிர், அது கிட்டத்தட்ட அதே அளவைக் குறைத்துவிடும். கொழும்பில் காலையில் வைத்த 32 அங்கேயும் 32க்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

பாரத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 150 சிசி வகைப் பைக்குகள் பெரும்பாலும் 130 முதல் 150 கிலோ வரைதான் சுமக்கும், அதில் நீங்களும் அடக்கம். இருவரும் சேர்ந்தே 130 என்றால் பின் பொக்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள். பின் அச்சையும் தாண்டித் தொங்குகிற பாரம் முன் சில்லைத் தூக்கும், கடுகண்ணாவை ஏற்றத்தில் ஹேண்டில் இலேசாகி, வளைவில் பைக் அகலமாகப் போகப் பார்க்கும். சாமானை டாங்கியின் மேல் பையில் கட்டுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள், பிறேக்கை மட்டும் நம்பினால் சூடேறி விட்டுவிடும்.

கேள்வி (ஹட்டன் வீடு, வேலை கொழும்பில்): மழையில் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்கிறார்களே?

பதில்: மணலில் ஓடுகிறவர்கள் சொன்னதை யாரோ தாருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நனைந்த தாரில் டயரின் வெட்டுகள் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும், அதற்கு உரிய காற்று இருக்க வேண்டும். குறைத்தால் வெட்டு மூடிக்கொள்ளும், டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். வெட்டு தேய்ந்திருந்தால் காற்றை எப்படி வைத்தாலும் சரிவராது, டயரை மாற்றுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை, மறுபடியும்): மனிசியை வேலைக்கு இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது 32ஐ 28 ஆக்க வேண்டுமா?

பதில்: பின்னேரம் மறுபடி ஏற்றப் போகிறீர்கள், அப்படியே இருக்கட்டும். கிழமைக் கணக்கில் தனியாக ஓடுவதென்றால் மட்டும் 28க்கு வாருங்கள், அப்போது ஷொக்கையும் இறக்குங்கள். வால்வு மூடி தொலைந்திருந்தால் ஒன்று வாங்கிப் போடுங்கள், தூசியும் தண்ணீரும் போனால் வால்வு மெதுவாகக் கசியத் தொடங்கும்.