‘சும்மா பேருக்கு டைரக்டர்’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நானும் மனைவியும் மட்டும் இயக்குநர்களாக இருக்கும் சிறிய செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி எங்களுடையது. ‘மேப்’ என்ற இயக்குநர் பயிற்சிக்குப் போகாவிட்டால் அபராதம் விழும் என்று ஓர் ஏஜண்டு சொல்கிறார். உண்மையா?

இல்லை. பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர்களுக்குத்தான் மேப் கட்டாயம். ஏஜண்டிடம் பணம் எதுவும் கட்டிவிடவில்லையே?

செந்தூல் வாசகர்: பட்டியலிட்ட கம்பெனி ஒன்றில் என்னை இயக்குநராகப் போட்டிருக்கிறார்கள். பயிற்சியை எப்போதுக்குள் முடிக்க வேண்டும்?

என்றைக்குப் போட்டார்கள் என்று எழுதவில்லை. நான் எந்த நாளிலிருந்து எண்ணுவது? மேப்பின் முதல் பகுதிக்கு நியமனத் தேதியிலிருந்து 4 மாதம். நிலைத்தன்மை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு) பற்றிய இரண்டாம் பகுதிக்கு 18 மாதம். முதல் கூட்டத்தில் போய் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. 2023 ஆகஸ்டுக்கு முன்பே பதவியில் இருந்தவர்களுக்கு இரண்டாம் பகுதிக்கான கெடு 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பிறை வாசகர்: எங்களிடம் 14 ஊழியர்கள். போன மாதம் மேலாளர்கள் மூவரைத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினேன். ஊழியர் பயிற்சிக்கென்று கட்டிய லெவியிலிருந்து அந்தச் செலவை எப்படி எடுப்பது?

எடுக்க முடியாது. லெவியை வசூலிக்கும் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு மானிய விண்ணப்பம் பயிற்சி தொடங்கும் முன்பே போயிருக்க வேண்டும். இதை எத்தனை முறைதான் எழுதுவது! மாதாமாதம் சம்பளத்தில் 1 விழுக்காடு தவறாமல் கட்டுகிறீர்கள், எடுக்கும்போது மட்டும் விதி கண்ணில் படாதா?

ஜோர்ஜ்டவுன் வாசகர்: அண்ணன் நடத்தும் கம்பெனியில் நான் சும்மா பேருக்கு டைரக்டர். செக்ரட்டரி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடுவதோடு சரி. எனக்கெல்லாம் பயிற்சி தேவையா?

‘சும்மா பேருக்கு’ என்று ஓர் இயக்குநர் வகை 2016 கம்பெனிச் சட்டத்தில் கிடையாது. 213-ஆம் பிரிவு அண்ணனுக்குச் சொல்வதையேதான் உங்களுக்கும் சொல்கிறது: கம்பெனியின் நலனுக்காக, நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் நடக்க வேண்டும். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 30 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம், 2020 ஜூன் முதல் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவும் சேர்ந்துகொண்டது. டெண்டர் கிடைக்க வேண்டுமென்று கம்பெனி ஆள் எவராவது லஞ்சம் கொடுத்தால், கம்பெனியோடு இயக்குநரும் மாட்டுவார். என் சம்மதமில்லாமல் நடந்தது, தடுக்க வேண்டியதையும் செய்திருந்தேன் என்று நிரூபிப்பது உங்கள் வேலை. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்றால் பாதிப் பதில்தான் ஆயிற்று.

சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில் வகுப்பெடுத்தேன். முப்பது பேர் இருப்பார்கள். அவரவர் கம்பெனியின் கடைசி ஆண்டுக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நாலைந்து பேர்தான் கொண்டுவந்தார்கள். ஒருவர் நீட்டிய பழுப்பு உறையில் ஒட்டியிருந்த டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால், உள்ளே இயக்குநர் அறிக்கையில் அவருடைய கையெழுத்து! அந்த ஒரு தாளை மட்டும் முன்கூட்டியே அனுப்பி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாலு பக்கம் தள்ளி, பங்காளியின் இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்த கடன், ஏறக்குறைய 8 லட்சம் வெள்ளி. மனிதர் அன்றைக்குத் தேநீருக்குக்கூட எழுந்து போகவில்லை.

ஆக, பயிற்சி தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் முழுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய தாள் மட்டும் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அண்ணன் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஜாலான் மஸ்ஜித் இந்தியா வணிகர்: வயது 62. ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. வகுப்பில் உட்கார்ந்து என்ன பயன்?

வகுப்பை விடுங்கள். உங்கள் தணிக்கையாளரோடு ஒரு மத்தியானம் உட்காருங்கள். நமக்கு யார் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், யாருடைய கடனுக்கு ஜாமீன் நிற்கிறோம் என்று தமிழிலேயே கேளுங்கள். அவர் சொல்வதை நம்பலாம், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் நீங்களும் சொந்தமாக யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். இங்கேயும் அதேதான்: கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி: பட்டியலிட்ட கம்பெனியில் சுயேச்சை இயக்குநராக (நிர்வாகத்தையோ பெரிய பங்குதாரர்களையோ சாராதவர்) பதினொரு வருடம் போல ஆகிறது. ஏதாவது உயர்நிலைப் பயிற்சி முடித்தால் பதவிக் காலத்தை நீட்டிப்பார்களா?

மாட்டார்கள். மொத்தம் 12 வருடம்தான், அதே குழுமத்தின் மற்றக் கம்பெனிகளில் சுயேச்சை இயக்குநராக இருந்த காலமும் சேர்த்து. அதன்பின் சாதாரண இயக்குநராக வேண்டுமானால் தொடரலாம். ‘பதினொரு வருடம் போல’ என்றால் எப்படி, அம்மா? முதல் நியமனக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.