கணினியில் வாசிக்கும் கான்சர்ட் பேண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இசைக்குறியீட்டு மென்பொருளில் கான்சர்ட் பேண்டுக்கு (ஊதும் வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் சேர்ந்த குழு) எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மூன்று கிளாரினெட் வரிகளும் ஒரே சுரத்தில் சேரும்போது குழுவாக ஒலிக்காமல், குழாய்க்குள்ளிருந்து வரும் ஒற்றைக் குரல்போல் கேட்கிறதே, ஏன்?

பதில்: மென்பொருள் மூன்று வரிகளுக்கும் ஒரே ஒலிப்பதிவுத் துண்டை எடுத்து ஒலிக்கவிடுவதே காரணம். ஒரே அலை தன்மேலேயே அடுக்கப்படும்போது சத்தம் கூடுமே தவிர ஆள் கூடுவதில்லை. முற்றிலும் ஒத்த இரண்டு அலைகள் சேர்ந்தால் 6 டெசிபல் உயரும், இரண்டு கலைஞர்கள் தனித்தனியே வாசித்தால் சராசரியாக 3 டெசிபல்தான் உயரும். இடையில் சில மில்லி விநாடி விலகல் நேர்ந்தாலோ, சில அலைவெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் நீங்கள் சொல்லும் குழாய் ஓசை பிறக்கிறது. எனவே நேரத்தை மட்டும் நகர்த்திப் பயனில்லை. இரண்டாம் வரியின் சுருதியை நான்கைந்து சென்ட் ஏற்றி, மூன்றாம் வரியை அதே அளவு இறக்கி (ஓர் அரைச் சுரம் 100 சென்ட்), அதன்பின் தொடக்கங்களை 10 முதல் 20 மில்லி விநாடி வரை முன்பின்னாக வையுங்கள். ஒவ்வோர் அரைச் சுரத்தையும் தனித்தனியே பதிவுசெய்த ஒலி நூலகமாக (வாத்திய ஒலிப்பதிவுகளின் தொகுப்பாக) இருந்தால், எனக்கு மிகவும் பிடித்த பழைய தந்திரம் ஒன்று உண்டு: ஒரு வரியை அரைச் சுரம் மேலே வாசிக்கச் செய்து, அந்த ஒலியின் சுருதியை அரைச் சுரம் கீழே இறக்கிவிட்டால், காதுக்குச் சுரம் மாறாது, அடியில் இருக்கும் பதிவு மட்டும் வேறாகிவிடும்.

கேள்வி: யூஃபோனியம் (சிறிய டியூபா போன்ற பித்தளை வாத்தியம்) வரி ட்ராம்போன்போல் ஒலிக்கிறது. வரியின் தொடக்கத்தில் சுர உயரத்தைக் காட்டும் குறியான கிளெஃபை ட்ரெபிளுக்கு மாற்றினால் சுரமும் பிசகுகிறது.

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். மிடி என்பது கணினிக்கும் மின்னணு வாத்தியங்களுக்கும் இடையே இசைக் கட்டளைகளை அனுப்பும் முறை; அதற்கென 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி தரத்தின் 128 ஒலிகளில் யூஃபோனியம் இடம்பெறவில்லை. பேஸ் கிளாரினெட்டுக்கும் அதே கதிதான். ஆகவே அந்தப் பட்டியலை நம்பும் மென்பொருள் ட்ராம்போனையோ டியூபாவையோ கடன் வாங்கிக் கொடுக்கிறது. மியூஸ்ஸ்கோர் 4 என்ற குறியீட்டு மென்பொருளில் எஃப்10 விசையை அழுத்தி மிக்ஸரை (ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் அளவையும் காட்டும் பலகை) திறந்தால், எந்த ஒலி உண்மையில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். இரண்டாவது, ட்ரெபிள் கிளெஃபில் எழுதப்படும் யூஃபோனியம், எழுதியதைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச் சுரமும் கீழே ஒலிப்பது. பேஸ் கிளெஃபில் எழுதியபடியே ஒலிப்பது. கிளெஃபை மட்டும் மாற்றாமல், வாத்தியப் பட்டியலிலேயே ட்ரெபிள் கிளெஃப் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க, குஸ்தவ் ஹோல்ஸ்ட் 1909இல் இராணுவ பேண்டுக்கு எழுதிய முதல் ஸ்வீட்டின் (suite, பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) தொடக்கம் பொருத்தமானது. யூஃபோனியமும் டியூபாவும் அறிமுகப்படுத்தும் அந்த எட்டு பார்களை (தாளக் கட்டங்களை) உள்ளிட்டு, நல்ல ஒலிப்பதிவு ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: நீண்ட சுரத்தின்மேல் கிரெஷெண்டோ (ஒலி படிப்படியாகக் கூடும் குறி) போட்டாலும் ஒலி வளர்வதில்லை.

பதில்: மிடியில் ஒரு சுரத்தின் அழுத்தம் அது தொடங்கும் கணத்திலேயே ஓர் எண்ணாகத் தீர்மானிக்கப்படுகிறது. பியானோவுக்கு அது போதும்; ஊதும் வாத்தியத்துக்குப் போதாது, ஏனென்றால் கலைஞர் மூச்சை இடையிலேயே கூட்டிக் குறைக்கிறார். அதற்குத் தொடர் கட்டுப்பாட்டு எண்கள் வேண்டும். 11ஆம் எண் பொதுவாகச் சத்தத்தை மட்டும் ஏற்றும். பல நூலகங்களில் 1ஆம் எண், மென்மையான பதிவிலிருந்து உரத்த பதிவுக்கு நகர்த்தி நாதத்தின் நிறத்தையே மாற்றும். ட்ரம்பெட் உரக்க ஊதும்போது மேற்சுரங்கள் பெருகி ஒலி பளிச்சிடுவதால், இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருக்கிறது. சிபேலியஸ், டோரிகோ ஆகிய குறியீட்டு மென்பொருள்களோடு இயங்கும் நோட்பெர்ஃபார்மர் என்ற ஒலிக் கருவி, ஏறத்தாழ ஒரு விநாடி முன்கூட்டியே குறியீட்டைப் படித்துச் சொற்றொடரின் போக்கை அறிந்துகொள்கிறது. பொத்தானை அழுத்தியபின் ஒலி தாமதமாக வருவதும் அதனால்தான்.

கேள்வி: ஸ்னேர் முரசின் ரோல் (தொடர் அதிர்வு அடி) இயந்திரத் துப்பாக்கிபோல் இருக்கிறது.

பதில்: நிமிடத்துக்கு 60 கால் சுரம் என்ற வேகத்தில், தண்டில் மூன்று கோடிட்ட கால் சுரத்தை மென்பொருள் விநாடிக்கு எட்டு தனி அடிகளாக எண்ணி அடிக்கிறது. உண்மையான ரோலில் குச்சி துள்ளி, அடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நூலகத்தில் தனி ரோல் பதிவு இருந்தால் அதை ஒதுக்குங்கள்.

கேள்வி: கணினியில் தெளிவாகக் கேட்ட ஃப்ளூட் மெட்டு, ஒத்திகையில் பித்தளை வாத்தியங்களுக்கு அடியில் காணாமல் போனது. பிளேபேக்கை (மென்பொருள் வாசித்துக்காட்டுவதை) எப்படிச் சரிசெய்வது?

பதில்: வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். ஃப்ளூட்டின் அடி ஸ்தாயி இயல்பிலேயே மெலிந்தது. ஆனால் நூலகங்களில் அது மைக்ரோஃபோனை அருகில் வைத்துப் பதிவுசெய்யப்பட்டு, பிற வாத்தியங்களுக்குச் சமமான அளவில் வந்துசேர்கிறது. போதாததற்கு, நாமும் கேட்கவில்லையே என்று மிக்ஸரில் அதை மேலும் ஏற்றிவிடுகிறோம். அந்த விசையைத் தொடாதீர்கள். எல்லா வாத்தியங்களின் அளவையும் ஒரு நல்ல ஒலிப்பதிவோடு ஒருமுறை ஒப்பிட்டு நிலைநிறுத்திவிட்டு, பிறகு கேட்காத இடம் வந்தால் குறியீட்டைத் திருத்துங்கள்: மெட்டை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோகலாம், கிளாரினெட்டைத் துணை சேர்க்கலாம், அல்லது ட்ராம்போன்களுக்கு ஓய்வு கொடுக்கலாம். நான் இனிய பிளேபேக்கைவிட, என் பிழையைக் காட்டிக்கொடுக்கும் பிளேபேக்கையே விரும்புகிறேன். மூச்சும் இப்படித்தான், டியூபா பன்னிரண்டு பார் நிற்காமல் ஊதினாலும் மென்பொருள் மூச்சுவாங்காது என்பதால், மூச்சுக் குறிகளை நீங்களே இட்டு அந்த இடைவெளியோடு கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஃபினாலே என்ற குறியீட்டு மென்பொருளிலிருந்து மாறினால் என் ஒலி அமைப்புகள் கூடவே வருமா?

பதில்: வராது. 2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் மேம்பாடு நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மென்பொருள்களுக்கு இடையே குறியீட்டைப் பரிமாறும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்தால் சுரங்களும் ஸ்லர்களும் உரப்புக் குறிகளும் வந்துசேரும். ஒலி தரும் செருகுநிரல்களின் (பிளகின்) அமைப்பைப் புதிதாகவே செய்ய வேண்டும். மாறுவதற்கு முன், ஒவ்வொரு குறியீட்டையும் ஒலிக் கோப்பாகவும் சேமித்துக்கொண்டால், புதிய மென்பொருளில் அளவுகளை நிலைநிறுத்தும்போது அதையே பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.